பூப்போட்ட நாள்

நீங்களே சொல்லுங்க. நம்ம கையில குடுத்த போன்ல, நம்ம கண்ணு முன்னாடி தானா வந்து நிக்கற விஷயத்தைப் படிச்சா அது தப்பா? கண்ணை மூடிக்கணுமா? இல்ல, சும்மாதான் கேக்கறேன். ஜன்னலை அடைக்க வேணாம், காத்து வரட்டும். நீங்களும் கரூர்தானா? நல்லதாப் போச்சு. வேடசந்தூர்ல இந்த டிரைவர் டீ குடிக்க எறங்கிட்டா லேசுல ஏற மாட்டாரு. பேசிட்டே போனா தெரியாது.

எனக்குத் திண்டுக்கல்லு. வீட்டுக்காரர் இ.பி.யில இருந்து ரிட்டயர்டு. ஒரே பையன், திலீபன். பைக் ஷோரூம்ல லோன் செக்சன் பாக்கறான். மருமக சுகிர்தா, ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். நல்ல புள்ள. அவ்வளவு நடந்த பெறகும் நல்ல புள்ளைன்னுதான் சொல்றேன். எனக்கு மனசுல ஒண்ணு வச்சு வெளியில ஒண்ணு பேசத் தெரியாது.

எங்கிட்ட முன்னாடி பட்டன் போன்தான். போன வருசம் பையன் புதுசா ஒண்ணு வாங்கினான். பழசை எங்கிட்ட குடுத்து, "வாட்ஸ்அப் மட்டும் பாருங்கம்மா, மத்ததை நோண்டாதீங்க"ன்னான். நான் நோண்டல. ரோஸ் கலர்ல ஒரு சின்னப் படம், அதுல ஒரு பூ. பூ நல்லா இருந்துச்சு, தொட்டேன். ஒரு காலண்டர் விரிஞ்சுது. சில நாள் சிவப்பு, சில நாள் பச்சை, பச்சைக்கு நடுவுல ஒரு நாளைக்கு மட்டும் பூ.

நான் பஞ்சாங்கம்னு நெனச்சுட்டேன். சத்தியமாங்க. சிவப்புப் போட்ட நாள்ல எங்க ஓரகத்தி பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருந்தாங்க. நாள் சரியில்லையேன்னு மனசுக்கு ஒப்பாம, தாம்பூலம் மாத்தி முடிஞ்ச பெறகுதான் போனேன். வீட்டுக்கு வந்து செவுத்துக் காலண்டரைப் பாத்தா, அன்னைக்கு முழுசா சுபமுகூர்த்தம். ரெண்டும் ஒத்தே வரல. செல்லுல போடறவங்களுக்கு என்ன பஞ்சாங்கம் தெரியும்னு விட்டுட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில, பருப்பு வெந்துட்டு இருக்கு, போன் டிங்குன்னுச்சு. எடுத்துப் பாக்கறேன். தமிழ்லயே எழுதியிருக்கு. "சுகிர்தாவுக்கு நாளை மாதவிடாய் தொடங்கலாம்."

நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

அப்பதான் எனக்கு வெளங்குச்சு. கல்யாணமாகி மூணாவது வருசம் நடக்குது, இன்னும் ஒண்ணும் இல்ல. ஒரு டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. அந்தம்மாதான் இதைப் போன்ல போட்டு எழுதிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. என்னைக்கு வந்துச்சு, என்னைக்கு நின்னுச்சு, தலைவலியா, தூங்கினியா, மனசு எப்படி இருக்கு, எல்லாத்துக்கும் அதுல எடம் இருக்கு. அவ எழுதினா புருசன் போன்லயும் தெரியும். புருசன் போன் எங்கிட்ட இருக்கு. இதுல நான் என்ன பண்ண முடியும்?

சும்மா பாத்துட்டு மட்டும் இருக்கல, உதவி செஞ்சேன். தலைவலின்னு எழுதியிருந்தா, அவ ரூமை விட்டு வெளிய வர்றதுக்குள்ள சுக்குக் காப்பி ரெடி. வயித்துவலின்னு இருந்தா அன்னைக்கு வெந்தயக் கஞ்சி. அசந்து போயிட்டா. "அத்தை, எப்படி அத்தை தெரியும்?"னு கேப்பா. "முகத்தைப் பாத்தா தெரியாதா?"ன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது? அவ அம்மா மணப்பாறையில இருக்காங்க. அவங்ககிட்ட போன்ல சொல்றது என் காதுல விழுந்துச்சு. "உனக்குக் கூடத் தெரியாதும்மா, எங்க அத்தைக்கு என் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும்." கேக்க சந்தோசமா இருந்துச்சு.

பூப்போட்ட நாள் இருக்கு பாருங்க, அதுதான் முக்கியமான நாளு. உங்களுக்குப் புரியும். அந்த நாள் வந்தா நானும் வீட்டுக்காரரும் பழனிக்குக் கெளம்பிடுவோம். அங்க என் நாத்தனார் பத்மா இருக்கா. சின்ன வீடு எங்களோடது, நாலு பேரும் உள்ளேயே இருந்தா எப்படி? முருங்கைக்கீரையைப் பொரியல் பண்ணி வச்சு, பாதாம்பாலை ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு, "நாளைக்குத்தான் வருவோம்"னு சொல்லிட்டுக் கெளம்பிடுவோம்.

அவருக்கு ஒண்ணும் புரியல. "மாசா மாசம் எதுக்குடி பழனி? எனக்கு முட்டி வலிக்குது"ன்னாரு. மலை ஏற விஞ்ச் இருக்குல்லன்னேன்.

ஒரு தடவை பாருங்க, சரியா அந்த நாள்ல ஃபிரண்ட்ஸோட கொடைக்கானல் போறேன்னு நிக்கறான் திலீபன். "இன்னைக்கு வேணாம்பா, நாள் நல்லால்ல"ன்னேன். "என்னம்மா நாளு, ஞாயித்துக்கிழமைதானே"ங்கறான். அவனுக்கு எப்படிச் சொல்றது? எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குன்னு படுத்துட்டேன். அவன் கொடைக்கானல் போகல. ஆனா பக்கத்துலயே உக்காந்து எனக்கு நெத்தியில துணி நனைச்சுப் போட்டுட்டு இருந்தான். அந்த மாசம் வீணாப் போச்சு.

நாலாவது தடவை பழனிக்குப் போனப்ப பத்மா கேட்டா. "என்ன அண்ணி, அண்ணனுக்கும் திலீபனுக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமா? அடிக்கடி வீட்டை விட்டு வந்துடறீங்களே." பாத்தீங்களா, சும்மா இருந்தா இப்படித்தான் ஒண்ணு கெளம்பும். அதனால அவகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவகிட்ட மட்டும்தான். பெறகு மாசா மாசம் என்ன ஆச்சுன்னு கேப்பா. கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?

அந்த ஆப்புல கீழ ஒரு எடம் இருக்கு, என்ன வேணா எழுதலாம். சில நாள் எழுதுவா. "இன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல வளைகாப்பு. தலைவலின்னு சொல்லிட்டுப் போகல." இன்னொரு நாள், "திலீப்கிட்ட பேசலாம்னு பாத்தேன். தூங்கிட்டார்." ஒரு தடவை என்னைப் பத்தியும் எழுதியிருந்தா. "எல்லாரும் எப்ப எப்பன்னு கேக்கறாங்க. அத்தை மட்டும்தான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுவே நிம்மதி."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க. அன்னைக்குக் கேசரி பண்ணினேன். "என்ன விசேஷம் அத்தை?"ன்னா. "ரவை இருந்துச்சு"ன்னேன்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. பத்மா வந்துதான் கெடுத்தா. அவளைக் குத்தம் சொல்லல, அவ நல்ல மனசோடதான் பேசினா. சொந்தத்துல ஒரு காதுகுத்துன்னு வந்தவ எங்க வீட்டுல தங்கினா. மொட்டைமாடியில சுகிர்தா துணி காயப்போட்டுட்டு இருந்திருக்கா. இவ போயி, "கவலைப்படாதம்மா, போன மாசமாவது சொன்ன தேதிக்கு வந்துடுச்சு, இந்த மாசம் மூணு நாள் தள்ளித்தானே வந்துச்சு, அடுத்த மாசம் கட்டாயம் நின்னுடும்"னு ஆறுதல் சொல்லியிருக்கா. சொல்லிட்டு எங்கிட்ட வந்து, "என்ன அண்ணி, அந்தப் புள்ள பேயடிச்ச மாதிரி நிக்குது"ங்கறா.

அன்னைக்கு ரூமுக்குள்ள சத்தம். "உங்கம்மாகிட்ட இதெல்லாமா சொல்லுவீங்க?"ன்னு இவ. "அம்மா சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல"ன்னு அவன். பாவம், அவன் சொன்னது நெசம். எனக்கு உள்ள போயி, "ஏம்மா, அவனைத் திட்டாத, அவன் ஒண்ணும் சொல்லல"ன்னு சொல்லணும்னு இருந்துச்சு. புருசன் பொண்டாட்டி விஷயத்துல நாம ஏன் தலையிடணும்னு இருந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஆப்புல ஒண்ணுமே எழுதல அவ. எனக்குக் கை ஒடைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் சாயந்திரம், ஸ்கூல் விட்டு வந்து ரூமுக்குள்ள போனா. கொஞ்ச நேரத்துல டிங்குன்னு வந்துச்சு. எடுத்துப் பாத்தா, கலர் கலரா காகிதம் பறக்குது. "வாழ்த்துகள்!"ங்குது. பரிசோதனை, பாசிட்டிவ்.

நான் வாயே திறக்கலைங்க. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் தெரியும். பத்மாகிட்ட கூட ஒரு நாள் விட்டு மறுநாள் சொல்லலாம்னுதான் நெனச்சேன். சாமிகிட்ட மட்டும் சொன்னேன். பேரு கூட யோசிச்சேன், பொண்ணுன்னா ஒண்ணு, பையன்னா ஒண்ணு. அது கெடக்கட்டும். மறுநாள் காலையில எழுந்து, ஃப்ரிட்ஜ்ல பப்பாளி பாதி இருந்துச்சு, அதை எடுத்து மாட்டுக்குப் போட்டேன். ஸ்கூட்டி சாவியை அரிசி டின்னுக்குள்ள வச்சேன். நான் செஞ்சது இவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசல.

அவ குளிச்சுட்டு நேரா சமையக்கட்டுக்கு வந்தா. ஃப்ரிட்ஜைத் தொறந்தா. மூடினா.

"அத்தை, பப்பாளி எங்க?"

"அழுகிடுச்சும்மா."

"நேத்துத்தானே வெட்டினோம்."

"வெட்டினாத்தான் அழுகும்."

என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. "ஸ்கூட்டி சாவியக் காணோம் அத்தை."

"மாமா எடுத்துட்டுப் போயிருப்பாரு."

"மாமாவுக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாதே."

"கத்துக்கப் போறாராம்."

அவரு ஹால்லதான் உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு. ஒரு வார்த்தை எனக்குச் சாதகமா சொல்லலாம்ல? பேப்பரை இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

"உங்க போனைக் குடுங்க அத்தை"ன்னா. குடுத்தேன். கேட்டா குடுக்கறதுதானே, எங்கிட்ட என்ன ரகசியம் இருக்கு? பாத்தா. பாத்துட்டே அப்படியே தரையில உக்காந்துட்டா. "ஐயோ, தரையில உக்காராத, குளுரும், இந்த நேரத்துல ஆகாது"ன்னு நான் பதறிப் போயிட்டேன். "எந்த நேரத்துல அத்தை?"ன்னா. "ஒண்ணும் இல்ல அத்தை. பொய்யா எழுதினேன். யாரு பாக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதினேன்"னா.

இப்ப சொல்லுங்க. ஒரு பொம்பளை இப்படி ஒரு விஷயத்துல பொய் எழுதலாமா? நான் பாத்தது தப்புன்னே வச்சுக்குங்க. ஒரு ராத்திரி பூரா நான் பாட்டியா இருந்தேங்க. காலையில எட்டு மணிக்கு இல்லைன்னா என்ன அர்த்தம்?

திலீபன் ஓடி வந்தான். அவன்கிட்ட திரும்பினா. "பழைய போனைக் குடுக்கும்போது இதை எடுக்கலையா?" மறந்துட்டேன்னான். "சரி, உங்க புது போன்ல எங்க இருக்கு, காட்டுங்க." அவன் முழிக்கறான். புது போன்ல அவன் அதைப் போடவே இல்லைங்க. இத்தனை மாசமா அந்தப் புள்ள எழுதினதை ஒரு நாள் கூட அவன் தொறந்து பாக்கல. நியாயமா பாத்தா, நானாவது படிச்சேனேன்னு அவ சந்தோசப்பட்டிருக்கணும்.

சந்தோசப்படல. அழுதா. சத்தம் போடாம அழுதா. "என் உடம்புல என்ன நடக்குதுன்னு எனக்கு முன்னாடி நீங்க பாத்திருக்கீங்க அத்தை. அது கூடப் பரவாயில்ல. முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கறீங்கன்னு நான் நம்பினேன். எங்கம்மாகிட்ட பெருமையா சொன்னேன்."

"முகத்தையும்தாம்மா பாத்தேன்"னேன். டின்னுல கைய விட்டுச் சாவிய எடுத்துக் குடுத்தேன். அரிசியோட வாங்கிட்டுப் போனா.

திலீபன் என் போன்ல இருந்து அந்தப் பூவை எடுத்துட்டான். அதுக்கப்புறம் வீட்டுல சண்டையெல்லாம் இல்ல. காப்பியை அவளே போட்டுக்கிட்டா. எனக்கும் சேத்துத்தான் போட்டா, அதுல குறை சொல்ல மாட்டேன். டம்ளரை மேடை மேல வச்சுட்டுப் போயிடுவா, கையில குடுக்க மாட்டா.

அப்பப் பாத்து கம்பெனியில திலீபனைக் கரூருக்கு மாத்திட்டாங்க. முதலாளிக்கு அங்கயும் ஒரு ஷோரூம் இருக்கு, ஆள் இல்லையாம், கட்டாயம் போகணுமாம். ஒரு கல்யாண வீட்டுல அந்த முதலாளியைப் பாத்தேன். "ஒரே பையன், இப்படிப் பண்ணிட்டீங்களேங்க"ன்னு கேட்டேன். "உங்க பையன்தானேம்மா வந்து கேட்டாரு"ங்கறாரு. பெரிய மனுசங்க செஞ்சதை ஒத்துக்க மாட்டாங்க.

போயி ஏழெட்டு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமையானா போன்ல முகம் பாத்துப் பேசுவோம். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன் அத்தை." "ஸ்கூல் எப்படி?" "நல்லா இருக்கு அத்தை." நானும் உத்து உத்துப் பாப்பேன். ஒண்ணும் தெரியலைங்க. தலைவலிக்குதா, தூங்கினாளா, ஒண்ணும் தெரியாது. அவளோட பேசி முடிச்சுட்டு, அந்தப் பூ இருந்த எடத்தைத் தொட்டுப் பாப்பேன். அங்க இப்ப வெறும் நீலமா இருக்கு.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு மடக்கு குடுங்க. என் பாட்டில் பைக்கு அடியில போயிடுச்சு, மேல பாத்திரம் இருக்கு.

நேத்து மத்தியானம் அவளே கூப்பிட்டா. ஞாயித்துக்கிழமை கூட இல்ல. முகம் வரல, வெறும் குரல்தான். "அத்தை, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"ன்னா. மாமா தூங்கறாருன்னேன். "கொஞ்சம் மாடிக்குப் போறீங்களா?"ன்னா. போனேன்.

உண்டாகியிருந்திருக்கா. ரெண்டு மாசம் தாண்டிடுச்சாம். யார்கிட்டயும் சொல்லல, மூணு முடியட்டும்னு இருந்திருக்காங்க. முந்தாநாள் கலைஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயி சுத்தம் பண்ணிட்டு, நேத்துக் காலையில வீட்டுக்கு வந்திருக்கா.

மாடியில வெயிலு. துணி காய்ஞ்சுட்டு இருக்கு. இவ்வளவு நாளும் எல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், ஒண்ணு கூட நான் கேட்டதே இல்லைங்க, எப்படிக் கேக்கறதுன்னே தெரியல. கடைசியில, "வலிக்குதாம்மா?"ன்னேன்.

"வலிக்குது அத்தை"ன்னா.

"வர்றீங்களா அத்தை?"ன்னா. "அவரு பாவம், என்ன பண்றதுன்னு தெரியாம வேளாவேளைக்கு இட்லி வாங்கிட்டு வந்து வச்சுட்டு, பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துட்டு இருக்காரு. எங்கம்மா வந்தா அழுவாங்க, நான் எந்திரிச்சு அவங்களைத் தேத்தணும். நீங்க அழ மாட்டீங்க. சமைப்பீங்க." வர்றேம்மான்னேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை. பழனிக்குச் சொல்லாதீங்க. மாமாகிட்ட கூட இப்ப வேணாம். நானா சொல்ற வரைக்கும் வேணாம்"னா. அவ இவ்வளவு சொல்லியிருக்கவே வேணாம். எனக்குத் தெரியாதா?

சொல்லலைங்க. வீட்டுக்காரர்கிட்ட, கரூர்ல பெட்ஷீட் நல்லா இருக்கும், எடுத்துட்டு அப்படியே புள்ளைங்களோட ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்னேன். "பெட்ஷீட் எடுக்க எதுக்கு ஒரு சட்டி பூண்டுக் குழம்பு?"ன்னு கேட்டாரு. வழியில பசிக்கும்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாரு. ஆனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, அந்தச் சட்டிய மடியில வச்சு ஆட்டோல பத்திரமா கொண்டாந்து ஏத்திவிட்டாரு.

இருங்க, போன் அடிக்குது. பத்மாதான்.

சொல்லு பத்மா. ஆமா, பஸ்ல இருக்கேன். கரூருக்கு. பெட்ஷீட்டுதான். ஆமா, அவங்க வீட்டுலதான் தங்குவேன். இல்லையே, நல்லாத்தான் இருக்காங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இல்ல பத்மா. எனக்கு எப்படித் தெரியும்? என் போன்லதான் அது இல்லையே. உனக்கும் ஒரு ஜோடி எடுக்கறேன். சரி. டவர் கெடைக்கல. வச்சுடறேன்.

கல்யாணமாகி வந்ததுல இருந்து பத்மாகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல. மூச்சு முட்டுது. அதான் உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்க யாரோ, நான் யாரோ, கரூர்ல எறங்கினா அவ்வளவுதான்.

என்ன கேட்டீங்க? எந்த ஸ்கூல்லயா? ஏன், உங்க பொண்ணு கரூர்லதான் படிக்குதா? ஏழாவதா? கம்ப்யூட்டருக்குப் புதுசா ஒரு மிஸ் வந்திருக்காங்களா?

இல்லைங்க, அது வேற யாராச்சும் இருக்கும். கரூர்ல எத்தனையோ ஸ்கூலு. எங்க மருமக இப்ப வேலைக்கே போறதில்ல. எந்த ஏரியாவா? அது... ஆட்டோக்காரனுக்குத் தெரியும், எனக்குப் பேரு தெரியாது. ஷோரூமா? பைக் ஷோரூம்னா சொன்னேன்? சைக்கிள் கடைங்க.

இங்க பாருங்கம்மா. நான் சுகிர்தா சுகிர்தான்னு சொல்லிட்டு வந்தேன்ல? அது அவ பேரு இல்ல. எங்க சொந்தத்துல வேற ஒரு புள்ள பேரு, வாய் தவறி வந்துடுச்சு. எங்க மருமக பேரு வேற.

என்ன பேருன்னு கேக்காதீங்க. அவளா சொல்லுவா.